இரண்டு காதும் தெரிய வேண்டும்

அப்பாவை அழைத்துப்போக வேன் வந்தது ஒரு புதன்கிழமை. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஒன்பதே முக்காலுக்கே வந்து நின்றது. அக்கா அப்போது அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. மீதியை அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று ஓட்டுநர் வாசலில் நின்றபடி சொன்னார். அக்கா காதில் விழாதவள்போல மறு கன்னத்தையும் நிதானமாக முடித்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் கட்டிலைவிட்டு நகர்ந்தாள்.

வேனில் பராமரிப்பு இல்லத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் ஒரு பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். பெயர் எழுதிய துணிகள், மருந்துச் சீட்டு, வீட்டில் யாருடைய போன் நம்பரில் கூப்பிட வேண்டும், கடைசியாக, சுவரில் ஒட்ட வீட்டிலிருந்து ஒரு படம்.

“படம் ஒண்ணும் இல்ல” என்றாள் அக்கா.

இருபத்து நான்கு வருடம் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள் வீட்டில் படம் இல்லை. அந்தப் பெண் எழுதுவதா வேண்டாமா என்று பேனாவோடு நின்றாள். ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு பறவைப் படம் இருந்தது. பிரிண்டில் நிறம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, அவள் பறவைகளை எடுக்கத் தொடங்கிய நாளில் போட்ட சோதனைப் பிரதி. மங்கலாக, மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதைக் கழற்றி நான்தான் கொடுத்தேன். என்ன பறவை என்று அவள் கேட்டாள்.

“கொண்டலாத்தி. சரியா விழல” என்றாள் அக்கா.

அண்ணன் வேனில் அப்பாவோடு ஏறிக்கொண்டான். மூன்று மணி நேரப் பயணம். அப்பாவின் கண்கள் திறந்தே இருந்தன. கதவு மூடும்வரை வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலுக்கு வரவில்லை. வண்டி போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். கொல்லையில் கொடிக்கயிற்றிலிருந்து அந்த வெள்ளைப் போர்வையை இறக்கி, மூலையோடு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் போர்வை அங்கே ஏன் தொங்கியது என்பதைச் சொன்னால் அக்காவைச் சொன்னதுபோல ஆகும்.

அவள் வேலை பார்க்கும் ஸ்டுடியோ பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கிறது. பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். கல்யாணப் படம், பிறந்தநாள் படம் எல்லாம் முதலாளி எடுப்பார். பாஸ்போர்ட், அடையாள அட்டை, வேலை விண்ணப்பம் என்று அளவுக்குள் அடங்கவேண்டிய முகங்கள் அக்காவுடையவை. கேமராவில் மூன்று எண்கள். ஷட்டர் நூற்றிருபத்தைந்து, துளை எட்டு, ஐ.எஸ்.ஓ. நூறு. யாரும் தெரியாமல் திருப்பிவிடக் கூடாதென்று முதலாளி அந்த இடங்களில் நகச்சாயத்தால் பொட்டு வைத்திருந்தார். விளக்கு இரண்டும் நகராது, ஸ்டூல் தரையில் ஒட்டிய டேப்பைத் தாண்டாது. வருகிறவர் கறுப்போ சிவப்போ, அழுதுவிட்டு வந்தவரோ குடித்துவிட்டு வந்தவரோ, அதே மூன்று எண்கள்தான். அவை எதற்காக அப்படி இருக்கின்றன என்று அவள் கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியம் வந்ததில்லை.

அவள் பார்த்துக்கொள்வது முகத்தை. தாடையை இறக்குங்க, தோளை நேரா வைங்க, சிரிக்காதீங்க. இந்த மூன்றாவதே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. கடைத்தெருவில் அவள் நடந்தால் “அதோ, சிரிக்காதீங்க போறாங்க” என்பார்கள். அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே போவாள்.

நான்காவதாக ஒன்று உண்டு: காது ரெண்டும் தெரியணும். சேர்ந்த இரண்டாம் வருடம், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய ஒருவரின் படத்தில் முடி ஒரு காதை மூடியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. படம் திரும்பி வந்துவிட்டது. புதுப் படம் எடுத்து அனுப்புவதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த ஆள் ஸ்டுடியோவுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. டேப்புக்குள் இருந்த அதே ஸ்டூலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அக்கா எடுத்த எந்தப் படமும் காதுக்காகத் திரும்பியதில்லை. எடுத்த உடனே பார்ப்பாள். முகம் இம்மி திரும்பியிருந்தால் “ஒத்தக் காது” என்று முணுமுணுத்து, அந்த நொடியே அழித்துவிடுவாள்.

அப்பா தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தவர். முப்பது வருடம் ஊரார் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்து, குனிந்து, எண்ணை எழுதிக்கொண்டு வந்தவர். யார் வீட்டில் என்ன மரம், எந்த மரத்தில் எந்தப் பறவை என்பதெல்லாம் மீட்டரோடு சேர்த்து அவருக்குத் தெரியும். எங்கள் கொல்லை ஓர் இடுக்கு. வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் மண் தரை. ஒரு கோடியில் சமையலறைக் கதவு, மறு கோடியில் குழாய். அப்பாவின் அறை ஜன்னல் அந்த இடுக்கின் நடுவில், மதிலைப் பார்த்தபடி இருக்கிறது.

பக்கவாதம் வந்தபோது நான் ஏழு கடல் தாண்டி ஏதோ ஒரு விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து சேரப் பத்து மாதமானது. அதற்குள் அவர் பேச்சை இழந்து, வலப்பக்கத்தை இழந்து, மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் கிடந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் எப்போதாவது எழும். அது நரம்புத் துடிப்பு என்றார் கைகால் பயிற்சி கொடுக்க வந்தவர். அண்ணனும் அதையே சொன்னான். அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“காக்கா வந்தா தூக்க மாட்டேங்கிறார். மைனாவுக்கும் கிடையாது. கொண்டலாத்தி வந்தாத்தான் தூக்குறார். நரம்புக்குப் பறவை பேரு தெரியுமா?”

குழாயடி ஈர மண்ணில் புழு தோண்ட, நீண்ட அலகும் விசிறிக் கொண்டையுமாக அந்தக் கொண்டலாத்தி தினமும் காலையில் வரும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அக்கா எழுதி வைத்திருந்தாள்: பறவை வந்தது பதினான்கு தடவை, விரல் எழுந்தது பதினொன்று. போனில் வீடியோவும் எடுத்து நரம்பு மருத்துவரிடம் காட்டினாள். அவர் நல்ல மனிதர்தான். விரல் முதலில் எழுந்ததா பறவை முதலில் வந்ததா என்று இதில் தெரியவில்லையே என்றார். கண்ணை மூடுங்கள், கையைத் தூக்குங்கள் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். வீட்டுக்கு வரும் ஐந்து பறவைகளின் படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவாருங்கள், மாற்றி மாற்றிக் காட்டுவோம், ஒன்றுக்கு மட்டும் விரல் எழுந்தால் அவருக்குள் நினைவு இருக்கிறதென்று எழுதித் தருகிறேன். அப்படி எழுதினால் பயிற்சி வார்டில் இடம் கிடைக்கும். எழுதாவிட்டால் படுக்கையில் வைத்துப் பராமரிக்கும் இல்லம்தான். அதற்கு அண்ணன் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தான்.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அப்பாவைத் தூக்கித் தூக்கி அக்காவின் முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. “நாளைக்கு நீயும் படுத்துட்டா ரெண்டு பேரையும் யாருக்கா பாக்குறது?” என்று கேட்டான். கேட்டது வேலை நிமித்தம் வேறு ஊரில் இருப்பவன். கேட்டபோது பக்கத்தில் நின்றது எந்த ஊரிலும் நிற்காத நான். டாக்டர் சொல்வதுபோல் செய்யலாம் என்று நான் பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

அடுத்த பரிசோதனைக்கு நான்கு வாரம் இருந்தது. என் போனில் தேடி ஒரு கொண்டலாத்தியைக் காட்டிப் பார்த்தேன். திரை வெளிச்சம் பட்டதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “எந்த ஊர்க் கொண்டலாத்தியோ அது. அவருக்குத் தெரிஞ்சதைக் காட்டணும்” என்றாள் அக்கா. என் பயணப் பைக்குள் கிடந்த கேமராவை எடுத்துக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: “இதுல நூத்திருபத்தஞ்சு எங்கடி இருக்கு?”

அந்த மூன்று எண்களையே வைத்து, சமையலறைக் கதவில் நின்று முதல் காலை எடுத்தாள். எல்லாம் இருட்டு. மதிலின் நிழல் ஒன்பது மணிவரை விலகாது. பறவை ஏழரைக்குள் வந்துபோய்விடும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் இருட்டிலும் படம் விழும், ஆனால் மணல் விழும் என்று சொன்னேன். மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றினாள். துளையை ஐந்து புள்ளி ஆறுக்குத் திறந்தாள். அந்த லென்ஸ் அதற்குமேல் திறக்காது. வெளிச்சம் வந்தது, பறவைக்குத் தலை மட்டும் இல்லை. கொண்டலாத்தி தையல் மெஷின் ஊசி மாதிரி மண்ணைக் குத்துகிற பிராணி. ஷட்டர் அறுபதில் இருந்ததால் தலை வெறும் புகையாக விழுந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டியது அந்த நாளின் படங்களில் ஒன்று. ஒரு கணம் பறவை நிமிர்ந்து கொண்டையை விரித்தபோது எடுத்தது. அது சமையலறைக் கதவிலிருந்து எடுத்ததுகூட இல்லை. அப்பாவுக்குத் துணி மாற்றும்போது பறவை வந்துவிட, அவர் ஜன்னல் வழியாகவே கையை நீட்டி எடுத்தாள். அன்று வெளிச்சம் விழுந்ததா என்று மட்டுமே பார்த்தாள், காதைப் பார்க்கவில்லை.

பிறகு அவள் முறையாக இறங்கினாள். சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி, நேரம் ஒரு பக்கம், எண்கள் மறுபக்கம் எழுதினாள். ஆறே முக்காலுக்கு ஷட்டர் ஐந்நூறு போதவில்லை. ஏழு பத்துக்கு ஆயிரம் வைத்தால் தலை நிற்கிறது. ஷட்டர் சத்தத்துக்கு மைனா பறக்கிறது, சத்தத்தை அணைக்கவும். கூர்மைப் புள்ளி ஒன்று மட்டும், பறவையின் கண்மேல். கதவின் கொசுவலையை அறுத்து எடுத்தாள். முதுகு வலி தாங்காமல் தரையில் தலையணை போட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தாள்.

மதிலில் பாசியும் கறையும் இருக்கிறது, பின்னணி சுத்தமாக இல்லை என்றாள். குழாய்ப்பக்கக் கோடியில் கொடிக்கயிற்றைக் கட்டி வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டாள். இரண்டு நாள் ஒரு பறவையும் வரவில்லை. மூன்றாம் நாள் காக்கை வந்தது, அப்புறம் மற்றவை. ஆனால் வெள்ளையைப் பார்த்த கேமரா ஊரெல்லாம் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு பறவையைக் கரியாக்கியது. ஒன்றரைப் படி வெளிச்சத்தைக் கூட்டவேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். அன்று அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். இருபத்து நான்கு வருடம் நகச்சாயப் பொட்டுக்கு அடியில் கிடந்த எண்கள் அவள் சொன்னபடி கேட்கத் தொடங்கியிருந்தன.

பறவை ஈர மண்ணைத் தோண்டியபடியே இடுக்கின் வழியாக அவளை நோக்கி நடந்து வரும். அவள் காத்திருப்பாள். பக்கவாட்டில் திரும்பினால் “ஒத்தக் காது” என்று அழித்துவிடுவாள். நேராகத் தலையைத் தூக்கி அவளைப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்குத்தான் விரல் அழுந்தும். பக்கத்துவீட்டு அத்தை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “குருவிக்கும் பாஸ்போர்ட் எடுக்கிறியாடி? எந்த நாட்டுக்குப் போகுது?” என்றாள். சிரித்தோம். பிரிண்ட் போட ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனபோது முதலாளி ஐந்து படங்களையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, “தாடை இறங்கியிருக்கு, தோள் நேரா இருக்கு, ஒண்ணும் சிரிக்கல. எந்த ஆபீஸ்லயும் திருப்ப மாட்டான்” என்றார். அதற்கும் சிரித்தோம். நான் நன்றாகவே சிரித்தேன்.

அழகான படங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒவ்வொரு இறகும் எண்ணலாம்போல. காகம், மைனா, புறா, கொண்டைக்குருவி, கொண்டலாத்தி. ஐந்தும் எங்களை நேருக்கு நேர் பார்த்தன.

பரிசோதனை நாளன்று அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தலையைப் பட்டையால் பிடித்து நிறுத்தினார்கள். மருத்துவர் ஒவ்வொரு படமாக அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தார். மூன்று சுற்று. அவசரப்படவில்லை, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்துக்குமேல் கொடுத்தார். அப்பா படங்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். இரண்டாம் சுற்றில் புறாவுக்கு ஒரு விரல் லேசாக எழுந்தது. கொண்டலாத்திக்கு மூன்று தடவையும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை அக்கா மருத்துவரிடம் அனுமதி கேட்டுவிட்டுக் குனிந்து, “அப்பா, நம்ம கொல்லைக்கு வருமே, அதுதான்பா” என்றாள். விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் கிடந்தன.

மருத்துவர் எழுதவேண்டியதை எழுதினார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் அக்கா ஐந்து படங்களையும் நான்காகக் கிழித்துப் போட்டாள். ஒன்பது நாள் கழித்து அந்த வேன் வந்தது.

அது போன நான்காம் நாள், அப்பாவின் மெத்தையை வெயிலில் போட அக்கா அறைக்குள் போனாள். நெடுநேரம் சத்தமில்லை. போய்ப் பார்த்தபோது உறையில்லாத மெத்தைமேல் அவர் படுத்திருந்தபடியே படுத்திருந்தாள். முதுகுக்கு இதமாக இருக்கிறதுபோல என்று நினைத்தேன். தலையை அசைக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கொண்டலாத்தி வந்திருந்தது. மதிலை ஒட்டி இடமிருந்து வலமாக, நீண்ட அலகை முன்னால் நீட்டிக்கொண்டு, கொண்டை பின்னால் சாய, ஒரு படம்போல நடந்து போனது.

“இங்கேர்ந்து பாத்தா ஒரு காதுதான்டி தெரியுது” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. கட்டிலோரம் குனிந்து அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். நேராகப் பார்க்கும் கொண்டலாத்திக்கு அலகு ஒரு புள்ளி, கொண்டை ஒரு கோடு. ஒன்றரை வருடமாக அப்பா பார்த்துக்கொண்டிருந்த பறவையை அவருக்கு யாருமே காட்டவில்லை. அக்கா எடுத்தது நானூறுக்கு மேல் இருக்கும். பக்கவாட்டில் விழுந்த ஒவ்வொன்றையும் அவளே, அந்தந்த நொடியே அழித்திருந்தாள்.

அன்றே மருத்துவருக்குப் போன் செய்தோம். அவர் கேட்டுக்கொண்டார், மறுபடி பார்க்கலாம் என்றும் சொன்னார். ஆனால் முறைப்படி இரண்டு மாதம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. இல்லத்துக்குப் போய் நாமே காட்டலாம் என்றால், தொற்று பரவுகிறதென்று ஒரு மாதத்துக்கு வெளியாட்களை நிறுத்தியிருந்தார்கள். அக்கா போர்வையைக் கட்டாமல், அப்பாவின் கட்டிலில் படுத்தபடி, ஜன்னல் வழியாக மறுபடி எடுத்தாள். ஆயிரம், ஐந்து புள்ளி ஆறு, மூவாயிரத்து இருநூறு. பாசி படிந்த மதில், அதற்கு முன்னால் ஒற்றைக் கண்ணோடு பறவை. இரண்டே காலையில் வேண்டிய அத்தனையும் கிடைத்தது. பெரிதாகப் போட்டு, அட்டை வைத்து உறையில் போட்டுத் தயாராக வைத்தாள்.

ஐந்தாவது வாரம் அப்பா இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டியது என்று தகவல் வந்தது. அந்த உறை இப்போதும் அலமாரிக்கு மேலே இருக்கிறது. அவருடைய துணிப்பை திரும்பி வந்தபோது ஃபிரிட்ஜ் படம் அதில் இல்லை. அதை யாரும் தேடவில்லை.

அக்கா ஸ்டுடியோவுக்கு முழு நேரமும் போகத் தொடங்கினாள். நான் ஊரைவிட்டுக் கிளம்புவதாக மூன்று முறை சொன்னேன், பையைக்கூடக் கட்டினேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். கேமராவை அவள் கேட்கவில்லை, நானும் தொடவில்லை. ஸ்டுடியோவில் இப்போது அவள் சிரிக்காதீங்க என்று சொல்வதில்லை என்று முதலாளி ஒருநாள் சொன்னார். வருகிறவர்கள் தாங்களாகவே சிரிப்பதில்லையாம்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. தன் சொல் ஒன்றும் சேர்க்காமல் அதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆளை ஸ்டூலில் உட்காரவைக்கப் போய்விட்டாள்.

“அக்கா, வணக்கம். நான் அன்னிக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போக வேன்ல வந்த பொண்ணு. இல்லத்து வேலையை விட்டுட்டேன். என் பெட்டியை ஒழிக்கும்போது உங்க வீட்டுப் பறவைப் படம் கிடைச்சுது. தப்பா நினைக்காதீங்க. அப்பா கட்டிலுக்கு நேரே சுவத்துல அதை ஒட்டியிருந்தேன். நான் திரையை விலக்கி வெளிச்சம் அதுமேல விழுந்தா போதும், இடது கையில ரெண்டு விரலைத் தூக்கிடுவார். தினமும் அப்படித்தான். அந்தப் படம் அவரைத் தொந்தரவு பண்ணுது போலிருக்கு, எடுக்கச் சொல்றார்னு நினைச்சு, ஒரு வாரத்துல நானே கழட்டி வச்சிட்டேன். அப்புறம் தூக்கவே இல்ல, அமைதியா இருந்தார். படம் பத்திரமா இருக்கு. அட்ரஸ் சொன்னா தபால்ல போட்டு விடட்டுமா?”